பிழையைத் திருத்தினால் மட்டும் போதுமா?



முன்பெல்லாம் நம் வீடுகளின் சுவரில் ஒரு கலண்டர் தொங்கும். திருநாட்களும் ஒருசந்தி நாட்களும் அதில் அச்சிட்டிருக்கும். கலியாணம், திவசம், பிள்ளைகளின் சோதனை ஆகியவற்றை வீட்டுக்காரர் பென்சிலால் குறித்து வைப்பார்கள். இன்று அந்தக் கலண்டர் கைத்தொலைபேசிக்குள் குடிபுகுந்துவிட்டது. எத்தனையோ பங்குகள் தங்கள் பூசை நேரங்களையும் நவநாட்களையும் இணைய நாட்காட்டி ஒன்றில் பதிந்து வைக்கின்றன. கொட்டாஞ்சேனையில் இருப்பவரும் பார்க்கலாம், கனடாவில் இருப்பவரும் பார்க்கலாம். அப்படியொரு நாட்காட்டியில் விழுந்த பிழை ஒன்றையும், அது திருத்தப்பட்ட விதத்தையும் பற்றி இவ்வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன். சின்ன விஷயம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதற்குள் ஒரு மனச்சாட்சிப் பிரச்சினை இருக்கிறது. அதற்கு விடை சொல்ல எனக்கே சில நாட்கள் பிடித்தன.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் எங்கள் ஒழுங்கையில், எழுபத்தெட்டு வயதுத் தாயார் ஒருவர் தனியே வசிக்கிறார். பெயர் வேண்டாம், ஆச்சி என்றே எழுதுகிறேன். கணவர் காலஞ்சென்று ஆறு வருடமாகிறது. அவர்கள் கைப்பிடித்தது வடகொழும்பில் உள்ள ஒரு கோவிலில். அங்கே மாதத்தின் முதல் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு இறந்தோருக்காகத் தமிழில் ஒரு பூசை நடக்கும். உறவினர் எழுதிக் கொடுக்கும் பெயர்களைப் பூசையின்போது வாசிப்பார்கள். வெள்ளவத்தையிலும் தமிழ்ப் பூசை உண்டு என்பது ஆச்சிக்குத் தெரியாததல்ல. ஆனால் கணவரின் பெயர் அந்தக் கோவிலில் வாசிக்கப்படவேண்டும் என்பது அவருடைய ஆசை. ரொறன்ரோவில் இருக்கும் மகள் அந்தக் கோவிலின் இணைய நாட்காட்டியைப் பார்த்து, “அம்மா, மார்ச் முப்பதாம் திகதி பூசை” என்று தொலைபேசியில் சொன்னாள். இது 2025ஆம் ஆண்டு.

மார்ச் 30, ஞாயிறு. ஆச்சி பூசைக் காணிக்கையையும் கணவர் பெயரையும் ஒரு கடித உறைக்குள் வைத்து, காலி வீதியில் பஸ் ஏறி, புறக்கோட்டையில் இறங்கி, அங்கிருந்து முச்சக்கர வண்டியில் கோவிலுக்குப் போனார். பிரதான கதவு சாத்தியிருந்தது. முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தவர், “தமிழ்ப் பூசை அடுத்த ஞாயிறு அம்மா” என்றார். ஆச்சி படியில் இருந்து ஒரு செபமாலை சொல்லிவிட்டு, இருட்டுவதற்கு முன் திரும்பிவிட்டார்.

மறுநாள் மகளோடு பேசினார். மகள் நாட்காட்டியைத் திறந்து பார்த்தாள். அதில் ஏப்ரல் 6 என்று சரியாகவே இருந்தது! “ஏப்ரல் ஆறு என்றுதானே இருக்குது அம்மா. நான் மாறிச் சொன்னனோ, நீங்கள் மாறிக் கேட்டியளோ தெரியேல்லை” என்றாள். மாறிக் கேட்டது தான்தான் என்று ஆச்சி முடிவு செய்துகொண்டார். புதன்கிழமை என்னிடம் இதைச் சொன்னபோது அவர் யாரையும் குறை கூறவில்லை. “எனக்கு மறதி வந்திட்டுது தம்பி. இனிமேல் தனியத் தூரம் போறேல்லை எண்டு இருக்கிறன்” என்றார். நானும் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, “வயது போனால் அப்படித்தான் ஆச்சி, எனக்கும் மறதிதான்” என்றேன். அந்த வார்த்தைக்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

அடுத்த நாள், அந்தப் பங்கின் நாட்காட்டியைக் கவனித்துக்கொள்ளும் இளைஞரைத் தற்செயலாகக் கண்டேன். பேச்சோடு பேச்சாக ஆச்சியின் கதையைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. நடந்ததை அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

அந்த நாட்காட்டியை முதலில் அமைத்தவர் இவர் அல்லர். முன்பு பொறுப்பாயிருந்தவர் வெளிநாடு போய்விட்டார். போகுமுன் அவர், மாதாந்தத் தமிழ்ப் பூசையை ‘மாதத்தின் முதல் ஞாயிறு’ என்று பதியாமல், ‘நான்கு வாரத்துக்கு ஒருமுறை’ என்று பதிந்திருந்தார். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். எண்ணிப் பாருங்கள். 2025 ஜனவரி 5 முதல் ஞாயிறு. இருபத்தெட்டு நாள் கூட்டினால் பெப்ரவரி 2; அதுவும் முதல் ஞாயிறு. மீண்டும் இருபத்தெட்டு நாள் கூட்டினால் மார்ச் 2. அதுவும் முதல் ஞாயிறு. மூன்று மாதமும் பிசகில்லை. பார்த்தவர்களுக்குச் சந்தேகமும் எழவில்லை. நான்காம் முறை மார்ச் 30 என்று வந்து நின்றது. கவனிக்காமல் விட்டிருந்தால் ஏப்ரல் 27, மே 25, ஜூன் 22 என்று போய்க்கொண்டே இருந்திருக்கும். பிழை ஒரு திகதியில் இருக்கவில்லை. திகதிகளைப் பிறப்பிக்கும் விதியில் இருந்தது. இத்தகைய பிழைகள்தாம் ஆபத்தானவை, ஏனெனில் சில காலத்துக்கு அவை சரியான விடையையே தந்துகொண்டிருக்கும்.

இயந்திரம் சொன்னதைச் செய்யும், அவ்வளவுதான். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோவிலிலும் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் குண்டுகள் வெடித்தபின், கொழும்பு மறைமாவட்டத்தில் மக்கள் கூடும் ஞாயிறு பூசைகள் நிறுத்தப்பட்டன. நாம் வீட்டில் தொலைக்காட்சி முன்னால் முழந்தாளிட்டோம். அந்த வாரங்களிலும் ‘ஞாயிறு தோறும்’ என்று பதியப்பட்ட பூசைகள், யாராவது கைவைத்து நீக்கும்வரை, நாட்காட்டிகளில் தம்பாட்டில் வந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

சரி, கதைக்கு வருவோம். மார்ச் 30 மாலை மூன்று பேர் தொலைபேசியில் அழைத்து, பூசை இல்லையே என்று விசாரித்திருக்கிறார்கள். இளைஞர் உடனே உட்கார்ந்து பிழையைக் கண்டுபிடித்து இரண்டே நிமிடத்தில் திருத்திவிட்டார். திருத்தும்போது இயந்திரம் அவரிடம் ஒரு கேள்வி கேட்டது: இந்த ஒரு நாளை மட்டும் மாற்றுவதா, இனி வருவனவற்றை மாற்றுவதா, அல்லது எல்லாவற்றையுமா? அவர் ‘எல்லாவற்றையும்’ என்பதை அழுத்தினார். வரிசை முழுவதும் ஒழுங்காகிவிட்டது. மார்ச் 30 என்ற பதிவு, ஒருபோதும் இருந்திராததுபோல மறைந்தது. அதனால்தான் மறுநாள் ரொறன்ரோவில் அந்தப் பெண் பார்த்தபோது ஏப்ரல் 6 மட்டுமே கண்ணில் பட்டது.

வாசகரே, இந்த இளைஞர் செய்தது சரியா, பிழையா? முதலில் அவருக்குச் சேரவேண்டிய புகழைக் கொடுத்துவிடுவோம். நம்மில் எத்தனை பேர் இவ்வளவாவது செய்வோம்? கோவில் அறிவித்தல் பலகையில் பழைய நேரம் தொங்குவதைப் பார்ப்போம்; பொறுப்பானவர் பார்த்துக்கொள்வார் என்று போய்விடுவோம். பிழை விட்டவன் நான் அல்ல என்பது நமக்குப் போதுமான சமாதானமாய் இருக்கிறது. பூசை தொடக்கத்தில் நாம் சொல்லும் பாவ அறிக்கையில், செய்தவற்றோடு செய்யாமல் விட்டவற்றையும் ஏற்றுக்கொள்கிறோம் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இளைஞர் அந்த வகையில் தவறவில்லை. பிறர் வைத்துப்போன பிழையைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டார்.

ஆனால் ஆச்சி? அவருடைய நிலையை எண்ணிப் பாருங்கள். பிழையான பதிவு அவரிடமிருந்து ஒரு மாலைப்பொழுதையும் பஸ் காசையும் எடுத்தது. சத்தமில்லாத திருத்தமோ, தன் நினைவின்மேல் அவர் வைத்திருந்த நம்பிக்கையை எடுத்துவிட்டது. பிழை அப்படியே நாட்காட்டியில் இருந்திருந்தால், மகள் மறுநாள் பார்த்து, “இவர்கள்தான் பிழையாய்ப் போட்டிருக்கிறார்கள் அம்மா” என்று சொல்லியிருப்பாள். திருத்தியதனால்தான் குற்றம் பதிவிலிருந்து நீங்கி ஆச்சியின் தலையில் ஏறியது. இது விசித்திரமான முடிவுதான், இருந்தாலும் உண்மை. காகிதத்தில் ஒரு திகதியை வெட்டி எழுதினால் வெட்டிய கோடாவது தெரியும். இணையப் பக்கத்தில் தழும்பே இருக்காது. அது நல்லது என்றுதான் நினைத்திருந்தோம்.

இளைஞரிடம் இதைச் சொன்னபோது அவர் மூன்று நியாயங்கள் சொன்னார். மூன்றும் எளிதில் தள்ளக்கூடியவை அல்ல.

பிழை விட்டது தான் அல்ல என்றார் முதலில். அது உண்மை. ஆனால் நாட்காட்டி பேசுவது அவருடைய பெயராலும் அல்ல, முன்னவரின் பெயராலும் அல்ல. கோவிலின் பெயரால் பேசுகிறது. ஆச்சி நம்பியது கோவிலை. அந்த வேலையைக் கையேற்றவர் அதன் கடனையும் சேர்த்தே கையேற்கிறார். தகப்பன் வைத்த கடனை மகன் அடைப்பதுபோல. இது குற்றவாளியாகக் கூண்டில் ஏறுவதல்ல. ‘நாங்கள் பிழையாகப் போட்டிருந்தோம்’ என்று சொல்வதற்கு ‘நான்’ தேவையில்லை, ‘நாங்கள்’ போதும்.

பிழையைப் பறைசாற்றினால் நாட்காட்டியை யாரும் நம்பமாட்டார்கள், அது மக்களுக்கே நட்டம் என்றார் அடுத்து. இதற்குச் சிறிது கழித்து வருகிறேன்.

மூன்றாவது நியாயம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அவர் பக்தியுள்ள பிள்ளை. “நல்லதைச் செய்தால் சத்தமில்லாமல் செய்யவேண்டும் என்றுதானே அண்ணை படிப்பித்திருக்கினம். நான் திருத்தினன் எண்டு ஊருக்குச் சொன்னால் அது பெருமைதானே?” என்று கேட்டார். இடது கைக்குத் தெரியாமல் வலது கை கொடுக்கவேண்டும் என்பது ஆண்டவர் தருமத்தைப் பற்றிச் சொன்னது. தருமத்தை மறைத்தால் மறைப்பவனுக்குப் புகழ் குறைகிறது. அதனால் அது தாழ்ச்சி. பிழையை மறைத்தால் மறைப்பவனுக்கு வெட்கம் குறைகிறது. வெளிப்பார்வைக்கு இரண்டும் மௌனந்தான். ஆனால் ஒன்றில் நம் பங்கை விட்டுக்கொடுக்கிறோம், மற்றதில் நம் பங்கைக் காப்பாற்றிக்கொள்கிறோம். 1992இல் வெளிவந்த கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, நீதிக்கும் உண்மைக்கும் எதிராகச் செய்த குற்றத்துக்கு ஈடுசெய்யும் கடமையைப் பற்றிப் பேசும் இடத்தில் (எண் 2487), வெளிப்படையாக ஈடுசெய்ய முடியாதபோது மறைவாகவாவது செய்யவேண்டும் என்கிறது. இங்கே நடந்தது குற்றமல்ல, வெறும் பிசகு. ஆனாலும் அந்த ஒழுங்கைக் கவனியுங்கள். வெளிப்படை முதலில் வருகிறது. மறைவு என்பது வேறு வழி இல்லாதவனுக்கு.

இந்த இடத்தில் எனக்கு ஒரு பழைய சரித்திரம் நினைவுக்கு வந்தது. நாட்காட்டிப் பிழை என்றால் அதைவிடப் பெரிய பிழை உலகத்தில் நடந்ததில்லை. அதைத் திருத்தியதும் நம் திருச்சபைதான்.

யூலியஸ் சீசர் அமைத்த நாட்காட்டி ஒரு வருடத்தை 365¼ நாளாகக் கணக்கிட்டது. மெய்யான வருடம் அதைவிட ஏறக்குறைய பதினொரு நிமிடம் குறைவு. ஒரு மனிதனின் ஆயுளில் இந்தப் பதினொரு நிமிடம் எவருக்கும் தெரியவராது. நமது நான்கு வாரக் கணக்குப்போலவே இதுவும் முதலில் சரியாகவே காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் 325ஆம் ஆண்டு நீசேயா பொதுச்சங்கம் கூடிய காலத்தில் மார்ச் 21ஐ ஒட்டியிருந்த சமஇரவு நாள், பதினாறாம் நூற்றாண்டில் மார்ச் 11க்கு நழுவிவிட்டது. பாஸ்குத் திருநாள் அந்த நாளைக் கொண்டுதான் கணிக்கப்படுகிறது. ஆகவே உலகம் முழுவதும் உயிர்த்த ஞாயிறே இடம் மாறிக்கொண்டிருந்தது. ரோஜர் பேக்கன் என்ற பிரான்சீஸ்கன் துறவி 1267இலேயே இதைப் பாப்பரசர் நான்காம் கிளமெந்துக்கு எழுதியனுப்பிய நூலில் எடுத்துச் சொன்னார். திருத்தம் வருவதற்கு மேலும் முந்நூறு ஆண்டு சென்றது.

அந்த முந்நூறு ஆண்டும் திகதி தவறிப் பாஸ்கு கொண்டாடிய மக்கள் பாவம் செய்தார்களா? இல்லை. தங்களுக்குச் சொல்லப்பட்ட நாளில் நல்மனத்தோடு கோவிலுக்குப் போனார்கள், ஆச்சி போனதுபோல. அறியாமல் நிகழும் பிசகு ஒன்று; அறிந்தபின் சும்மா இருப்பது வேறொன்று. ஆனால் அறிந்தவர்கள் அத்தனை பேரையும் சோம்பேறிகள் என்று தள்ளிவிடவும் கூடாது. அவசரத்தில் ஒன்றைத் திருத்தப்போய் வேறு பத்தைக் குழப்பிவிடலாம். அலோசியஸ் லிலியஸ் என்ற இத்தாலிய மருத்துவர் நல்லதொரு கணக்கை வகுத்து வைத்துவிட்டு 1576இல் இறந்துபோனார். அதன் சுருக்கம் 1577இல் அச்சிடப்பட்டுக் கத்தோலிக்க அரசர்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் கருத்துக் கேட்டு அனுப்பப்பட்டது. கிறிஸ்தோபர் கிளாவியஸ் என்ற இயேசுசபைக் குரு பின்னர் அதைப் பெருநூல்களில் விளக்கினார்.

1582 பெப்ரவரி 24ஆம் திகதியிட்ட ஆணையினால் பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரியார் நாட்காட்டியைத் திருத்தினார். அவ்வருடம் ஒக்டோபர் 4 வியாழனுக்கு அடுத்த நாள் ஒக்டோபர் 15 வெள்ளி. இடையில் பத்து நாள் இல்லை. அவிலாவூர் புனித தெரேசம்மாள் அந்த 4ஆம் திகதி இரவில்தான் உயிர்நீத்தார். விடிந்தால் 15ஆம் திகதி! அவருடைய திருநாளை நாம் ஒக்டோபர் 15இல் கொண்டாடுகிறோம்.

பத்து நாள் போனதும் நூறு வருட விதி மாறியதும் எல்லாப் பாடப் புத்தகத்திலும் உண்டு. நான் சொல்ல வந்தது, அதே ஆணையில் இருக்கும் இரண்டு சிறிய ஏற்பாடுகளை. நீங்கிய பத்து நாட்களுக்குள் சில புனிதர்களின் திருநாட்கள் அகப்பட்டிருந்தன. அவற்றை அந்த வருடம் அப்படியே கைவிட்டுவிடாமல், புனித தியோனீசியுவையும் தோழர்களையும் 15ஆம் திகதிக்கும், புனித கலிஸ்துவை 16ஆம் திகதிக்கும் மாற்றி எழுதியிருந்தது அந்த ஆணை. உடைந்த பதிவுகளுக்கு இடம் தேடிக் கொடுத்தது என்க. மற்றையது, பணக் கொடுக்கல் வாங்கல் பற்றியது. மாதத் தவணையோ வருடத் தவணையோ கட்டவேண்டியவனுக்குத் திடீரென்று பத்து நாள் காணாமல்போனால் என்ன செய்வான்? எவருக்கும் நட்டம் வரக்கூடாது. வழக்கு வந்தால் நீதிபதிகள் தவணைக்குப் பத்து நாள் கூட்டிக் கொடுக்கவேண்டும் என்று அந்த ஆணை சொல்கிறது.

வானத்து நட்சத்திரங்களின் ஓட்டத்தைத் திருத்த உட்கார்ந்தவர்கள், ஏதோவொரு ஊரில் கடன் கட்டவேண்டிய ஏழையை மறக்கவில்லை. பழைய நாட்காட்டியை நம்பித் தன் காரியத்தை ஒழுங்குசெய்தவன், அது பிழை என்று தெரியவந்ததற்காகத் தண்டிக்கப்படக்கூடாது என்பதே அதன் கருத்து. புதிய நாட்காட்டி எத்தனை சரியானது என்பது பற்றி அவனுக்கு அக்கறை இல்லை.

இதே போக்கை நம் பங்கு அலுவலகங்களிலும் காணலாம். ஞானஸ்நானப் பதிவேட்டைப் பாருங்கள். உறுதிப்பூசுதல் பெற்றதும் திருமணம் முடித்ததும் ஓரத்தில் குறிப்பாய் ஏறுகின்றன; பழைய வரி பழைய வரியாகவே இருக்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 958ஆம் பிரிவு, பூசைக் கருத்துகளுக்கென்றே தனி ஏடு வைத்து எண்ணிக்கை, கருத்து, காணிக்கை, பூசை நிறைவேறியது ஆகியவற்றைச் சரியாகக் குறிக்கவேண்டும் என்று பங்குக் குருவைப் பணிக்கிறது. ஆச்சி தன் கணவருக்காகக் கொண்டுபோன கடித உறை அந்த ஏட்டில் சேரவேண்டியது. நாட்காட்டி அதற்குப் போகும் வழி. வழியில் உள்ள பள்ளத்தை நிரப்பியது போதாது, விழுந்தவரைப் பார்க்கவேண்டாமா?

இப்போது அந்த இரண்டாம் நியாயத்துக்கு வருவோம்: பிழையைச் சொன்னால் நம்பிக்கை போய்விடும் என்பது. 1996ஐ நினைவுள்ளவர்கள் யோசித்துப் பாருங்கள். மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றி மின்சாரம் தட்டுப்பட்ட அந்த வருடம் மே 25ஆம் திகதி நாட்டின் மணிக்கூடுகள் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டன. ஒக்டோபர் 26இல் அரை மணி பின்னே வந்தது. 2006 ஏப்ரல் நடுப்பகுதியில் இன்னோர் அரை மணி குறைத்துப் பழைய நேரத்துக்கே திரும்பினோம். அந்தப் பத்து வருடமும் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. வன்னிக்குப் போய்வந்தவர்கள் மணிக்கூட்டைத் திருகித் திருகிக் களைத்துப்போனார்கள். ஆனாலும், ‘எனக்குப் புத்தி தடுமாறிவிட்டது’ என்று எவரும் நினைக்கவில்லை. ஏனெனில் மாற்றத்தை வானொலியிலும் பத்திரிகையிலும் உரத்துச் சொன்னார்கள்.

இதில் இன்னொன்று. உலகின் பெரும்பாலான கைத்தொலைபேசிகளும் கணினிகளும் எந்த ஊரில் எத்தனை மணி என்று அறிய ஒரே பட்டியலை நம்பியிருக்கின்றன. ஆர்தர் டேவிட் ஓல்சன் என்ற அமெரிக்கர் 1980களில் தொடங்கிய அதைப் பின்னர் போல் எகர்ட் என்பவர் கவனித்து வருகிறார். கொழும்புக்கு அதில் தனிப் பதிவு உண்டு. நான் மேலே சொன்ன 1996, 2006 மாற்றங்கள் எல்லாம் அதில் வரிவரியாக இருக்கின்றன. பழையவற்றை அழித்து இன்றைய நேரத்தை மட்டும் அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை; அழித்தால் 1998இல் பிறந்த பிள்ளையின் பிறந்த நேரம் அரை மணி பிசகிவிடும். பட்டியலில் முன்பு பிழையாக இருந்த ஒன்றைத் திருத்தும்போதெல்லாம், இன்னது மாறியது என்று ஓர் அறிவித்தலும் சேர்த்தே வெளியிடுகிறார்கள். பிழையை இப்படி ஒப்புக்கொண்டு ஒப்புக்கொண்டே அந்தப் பட்டியல் இத்தனை பேருடைய நம்பிக்கையையும் பெற்றிருக்கிறது. நம் இந்து அயலவர் வீட்டுப் பஞ்சாங்கத்தைப் பாருங்கள்: வாக்கியமா திருக்கணிதமா என்பது முகப்பிலேயே எழுதியிருக்கும். இரண்டும் ஒத்துப்போகாத நாளில், வாங்கியவர் தான் எதை நம்புகிறார் என்று அறிந்திருக்கிறார்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எல்லாப் பிழைக்கும் தண்டோரா போடமுடியாது. ‘ஞாயிறு’ என்பதில் ஓர் எழுத்து விழுந்துபோனால் அதைச் சத்தமில்லாமல் சேர்த்துவிடலாம். பதிந்த ஐந்தாவது நிமிடத்தில், யாரும் பார்க்குமுன் மாற்றினாலும் பரவாயில்லை. அந்தப் பிழையை நம்பி ஒருவர் வீட்டைவிட்டு இறங்கியிருக்கக்கூடுமா என்பதையே நான் அளவுகோலாக வைப்பேன். ஆனால் இணைய நாட்காட்டியை யார் பார்த்தார், யார் பார்க்கவில்லை என்று எப்படிக் கண்டுகொள்வது? மூன்று பேர் அழைத்துக் கேட்டார்கள்; ஆச்சி அழைக்கவில்லை. அழைக்காதவர்கள்தாம் பெரும்பாலும் தங்களையே நொந்துகொள்கிறவர்கள். எனவே வீடுவீடாய்த் தேடிப்போக இயலாதபோது, பிழை எங்கே நின்றதோ அங்கேயே திருத்தத்தின் அறிவித்தலும் நிற்கவேண்டும் என்பது என் எண்ணம். மகள் மறுபடி பார்க்கப்போவது அதே பக்கத்தைத்தானே.

இளைஞர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “என்னெண்டு எழுதுறது அண்ணை?” என்று கேட்டார். ஏதோவொரு தொழில்நுட்பக் கோளாறு என்று போடலாமா என்றார். வேண்டாம் என்றேன். கோளாறு இயந்திரத்தில் இல்லை. பங்குத் தந்தையிடம் கேட்டு, வெள்ளிக்கிழமை இரவு அவர் போட்ட அறிவித்தல் இது:

“மாதாந்தத் தமிழ்ப் பூசை மார்ச் 30ஆம் திகதி என்று எமது நாட்காட்டியில் பிழையாகக் குறிக்கப்பட்டிருந்தது. அதை 30ஆம் திகதி இரவு திருத்தினோம். அப்போது அறிவிக்காமல் விட்டுவிட்டோம். அதை நம்பி வந்து திரும்பியவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம். திகதியைப் பிழையாகப் பார்த்தது நீங்கள் அல்ல. அடுத்த பூசை ஏப்ரல் 6, மாலை 5 மணி. அன்று கொடுக்கவிருந்த பெயர்களை இப்போதும் கொடுக்கலாம்.”

மார்ச் 30க்குரிய இடத்திலும் ‘இந்நாள் தவறுதலாகக் குறிக்கப்பட்டிருந்தது’ என்று ஒரு வரி போட்டுவைத்தார். கடைசி வாக்கியத்தைச் சேர்த்தது பங்குத் தந்தை.

சனிக்கிழமை காலை மகள் தாயை அழைத்துவிட்டாள். நானும் போய் என் பங்குக்கு, அன்று சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டேன். ஆச்சி அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. “அப்ப நான் சரியாத்தான் கேட்டிருக்கிறன்” என்று இரண்டு முறை சொன்னார். பிறகு, “அந்தப் பெடியனை ஒருத்தரும் ஏசிப்போடாதேங்கோ” என்றார்.

ஞாயிறன்று, கூட வரட்டுமா என்று கேட்டுப்போனேன். வேண்டாம் என்றுவிட்டார். கடித உறையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, மூன்று மணிக்கே பஸ்ஸுக்குப் புறப்பட்டார்.